சூப்பர்சார்ஜர் பொருத்திய மஸ்டாங் ஜிடி: 3.31 பின் அச்சை மாற்ற வேண்டுமா?

நோவைக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் மிச்சிகன் மாநிலத்தில் நோவை நகரில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது 2012ஆம் ஆண்டு மஸ்டாங் ஜிடி: 5.0 லிட்டர் கொயோட்டி எஞ்சின், ஆறு கியர் கொண்ட எம்டி-82 மேனுவல் கியர்பாக்ஸ், 8.8 அங்குலப் பின் அச்சு, அதற்குள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட 3.31 கிரவுன்–பினியன் (பின் அச்சின் பல்சக்கர ஜோடி; சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.31 முறை சுற்ற வேண்டும்). டயர்கள் 255/40 ஆர்19. சென்ற கோடையில் இதற்கு 2.3 லிட்டர் டிவிஎஸ் வகை சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) பொருத்தினேன். (நம் ஊர் டிவிஎஸ் அல்ல, ஈட்டன் நிறுவனம் வடிவமைத்த, நான்கு மடல்கள் கொண்ட முறுக்கிய சுழலிகள்.) பூஸ்ட் (அது தரும் கூடுதல் காற்றழுத்தம்) மிதமான அளவில்தான் இருக்கிறது, எரிபொருள் 93 ஆக்டேன்.

இந்த வண்டியை நான் தினமும் வேலைக்கு ஓட்டுகிறேன். ஐ-96, ஐ-275 ஆகிய நெடுஞ்சாலைகளில் பெரும்பாலும் 75 மைல் வேகத்தில் செல்கிறேன். பனிக்காலத்தில் பனிக்கான டயர்களை மாட்டிக்கொண்டு இதையேதான் ஓட்டுகிறேன். கோடையில் எப்போதாவது கால் மைல் ஓட்டத்தளத்துக்குப் போவதுண்டு. ஆனால் வண்டி அதற்காக இல்லை.

மஸ்டாங் வைத்திருக்கும் நண்பர்களில் ஒருவர் 4.10 போட்டால்தான் வண்டிக்கு உயிர் வரும் என்கிறார், இன்னொருவர் 3.73க்கு மேல் போக வேண்டாம் என்கிறார். இருவருமே சூப்பர்சார்ஜர் இல்லாத வண்டிகளை ஓட்டுபவர்கள். பூஸ்ட் இருக்கும் எஞ்சினுக்கும் இதே அறிவுரை பொருந்துமா, தினசரிப் பயணத்தில் எஞ்சின் சுற்று எவ்வளவு உயரும், மாற்றினால் வேறு எதையெல்லாம் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும் என்பவற்றைத் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கால்மைல்

வணக்கம் நண்பரே. என்னுடையது 2011 ஜிடி. அதே கியர்பாக்ஸ், ஆனால் மையவிலக்கு வகை சூப்பர்சார்ஜர், 3.73 பின் அச்சு. எனக்கு இந்தச் சேர்க்கை மிகவும் பிடித்திருக்கிறது, உங்களுக்கும் 3.73ஐயே பரிந்துரைப்பேன்.

மையவிலக்கு வகையில் பூஸ்ட் ஏறத்தாழச் சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தம்) கிடைக்கும் அமைப்பில் 3,500 சுற்றில் இரண்டரை பிஎஸ்ஐக்கு அருகில்தான் இருக்கும். ஆகவே எஞ்சின் எவ்வளவு சீக்கிரம் மேல் சுற்றுக்குப் போகிறதோ அவ்வளவுக்கு நல்லது. 3.31 இருந்தபோது ஒவ்வொரு கியரின் முதல் பாதியும் சாதாரண ஜிடியைப் போலத்தான் போகும். பின்பாதியில்தான் வண்டி எழுந்து ஓடும். 3.73 வந்தபின் அந்தக் காத்திருப்பு குறைந்தது. நெடுஞ்சாலையில் சுற்று சற்றுக் கூடியது உண்மைதான், ஆனால் ஆறாம் கியர் 0.65 என்பதால் அது தொல்லையாக இல்லை.

4.10 பற்றி உங்கள் நண்பர் சொல்வதை விட்டுவிடுங்கள். அது முந்தைய 4.6 லிட்டர் எஞ்சின்களும் ஐந்து கியர் பெட்டிகளும் இருந்த காலத்து அறிவுரை.

பல்சக்கரம்

கால்மைல் சொல்வது அவருடைய சூப்பர்சார்ஜருக்குச் சரி. கேள்வி கேட்டவரிடம் இருப்பது வேறு வகை என்பதால், அதே முடிவு இங்கே பொருந்தாது என்று நினைக்கிறேன். நான் 3.31ஐ அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்வேன். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின் அச்சின் எண்ணை மட்டும் தனியாகப் பார்த்துப் பேசுவதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. சக்கரத்துக்குப் போய்ச் சேருவது முதல் கியர் விகிதத்தையும் பின் அச்சு விகிதத்தையும் பெருக்கி வரும் எண். எம்டி-82 பெட்டியின் விகிதங்கள் 3.66, 2.43, 1.69, 1.32, 1.00, 0.65. முதல் கியரை உங்கள் 3.31ஆல் பெருக்கினால் 12.1 வருகிறது. இதை, தொழிற்சாலையிலிருந்தே சூப்பர்சார்ஜருடன் வந்த வண்டிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2003–04 ஆண்டுகளின் மஸ்டாங் எஸ்விடி கோப்ராவில் முதல் கியர் 2.66, பின் அச்சு 3.55, பெருக்கினால் 9.4. 2015இல் வந்த 707 குதிரைத்திறன் டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட்டின் மேனுவல் வண்டியில் 2.26ஐ 3.70 பெருக்கி 8.4. மஸ்டாங்கின் 2013 ஷெல்பி ஜிடி500இல் 2.66ஐ 3.31 பெருக்கி 8.8. அதாவது இப்போதே உங்கள் வண்டியின் முதல் கியர் இந்த மூன்றையும்விடக் குட்டையானது (எண் கூடினால் குட்டை, குறைந்தால் உயரம் என்பது வழக்கு). இதற்கு மேலும் குட்டையாக்க என்ன தேவை இருக்கிறது?

அதே ஹெல்கேட்டின் ஆட்டோமேட்டிக் வண்டியில் பின் அச்சு வெறும் 2.62. எண்ணை மட்டும் பார்ப்பவர் அதை மந்தமான வண்டி என்றே நினைப்பார். ஆனால் எட்டு கியர் பெட்டியின் முதல் கியர் 4.71 என்பதால் பெருக்கற்பலன் 12.3க்குப் போய்விடுகிறது, மேனுவல் வண்டியைவிட அது கூடுதல்.

ஜிடி500ஐப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012இல் அது 550 குதிரைத்திறன், 3.55 பின் அச்சு. 2013இல் எஞ்சின் 5.8 லிட்டராகி 662 குதிரைத்திறனுக்கு உயர்ந்தபோது, ஃபோர்டு பொறியாளர்கள் பின் அச்சை 3.31 ஆக உயரமாக்கினார்கள். மணிக்கு 200 மைலைத் தாண்ட வேண்டும் என்ற இலக்கும் எரிபொருள் கணக்கும் அதில் உண்டு என்றாலும், அடிப்படை எளிது: எஞ்சினிடம் முறுக்குவிசை தாராளமாக இருக்கும்போது கியரைக் கொண்டு அதைப் பெருக்கவேண்டிய தேவை குறைகிறது.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். சூப்பர்சார்ஜர் இல்லாத 2012 ஜிடியின் உச்ச முறுக்குவிசை 390 பவுண்டு-அடி. மிதமான பூஸ்டில் உங்களுடையது 465 என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில், இழப்புகளைக் கழிக்காமல், பின் அச்சில் வந்து சேருவது சுமார் 5,630 பவுண்டு-அடி. சாதாரண ஜிடி ஒன்றில் 3.73 போட்டால் கிடைப்பது சுமார் 5,320, 4.10 போட்டால் 5,850. ஆக, உங்கள் 3.31 இப்போதே, சூப்பர்சார்ஜர் இல்லாத வண்டியில் ஏறத்தாழ 3.95 பின் அச்சு போட்டதற்குச் சமமாக இழுத்துக்கொண்டிருக்கிறது, அதுவும் சுற்று உயராமலே. உங்கள் நண்பர்கள் கிரவுன்–பினியன் மாற்றித் தேடிய பலனை நீங்கள் சூப்பர்சார்ஜர் வழியாக ஏற்கெனவே அடைந்துவிட்டீர்கள். மேலும் இது உச்ச எண்ணை வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் டிவிஎஸ் போன்ற, ரூட்ஸ் வழிவந்த வகைகள் கீழ்ச்சுற்றிலேயே பூஸ்ட் தருவதால், 2,000 முதல் 3,500 சுற்று வரையில் வேறுபாடு இதைவிடப் பெரிது.

அடுத்தது டயர். ஓட்டுநரோடு சேர்த்து ஏறத்தாழ 3,800 பவுண்டு எடையுள்ள இந்த வண்டியில், வேகமெடுக்கும்போது பின்னுக்குச் சாயும் எடையையும் சேர்த்துக்கொண்டாலும், பின் சக்கரங்களின் மேல் 2,200 பவுண்டு அளவுக்குத்தான் எடை இருக்கும். நல்ல உலர்ந்த சாலையில், சூடான டயரில் அது தாங்கக்கூடிய அச்சு முறுக்குவிசை என் மதிப்பீட்டில் 2,500 பவுண்டு-அடியைச் சுற்றியே நிற்கும். நீங்கள் முதல் கியரில் அனுப்புவது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டாம் கியரில்கூட 3,700. எனவே முதல் இரண்டு கியர்களிலும் உங்களை நிறுத்திவைப்பது டயர்தான். 3.73க்கு மாறினால் இந்த எண்கள் 12.7 சதவீதம் கூடும், 4.10 என்றால் 24 சதவீதம் கூடும். அந்தக் கூடுதல் முழுவதும் புகையாகத்தான் போகும்.

வேகக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 27 அங்குல விட்டமுள்ள உங்கள் டயரில், 7,000 சுற்றில் இரண்டாம் கியர் 3.31இல் 70 மைல் வரை போகும். மிச்சிகன் நெடுஞ்சாலையின் வழக்கமான வேக வரம்பு 70 என்பதால், இணைப்புச் சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்குள் நுழையும் வேலை இரண்டாம் கியரிலேயே முடிந்துவிடும். 3.73இல் இரண்டாம் கியர் 62இல் முடியும், 4.10இல் 56இலேயே முடிந்து, 60ஐத் தொடுவதற்கே மூன்றாம் கியருக்குப் போக வேண்டியிருக்கும். கால் மைலிலும் இதே கதை. சூப்பர்சார்ஜருடன் இந்த வண்டி முடிவுக் கோட்டைக் கடக்கும்போது 120 மைலுக்கு அருகில் இருக்கும் என்று கொண்டால், 3.31இல் நான்காம் கியர் 129 வரை நீளும், அதிலேயே முடித்துவிடலாம். 3.73இல் நான்காம் கியர் 114இல் தீர்ந்து, முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் ஐந்தாம் கியருக்கு மாற்றும் நிலை வரும். ஒரு கியர் மாற்றத்துக்குப் போகும் நேரம், குட்டையான பின் அச்சு சேமித்துத் தந்த நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

தினசரிப் பயணத்தில் 75 மைலில் ஆறாம் கியரில் எஞ்சின் சுற்று இப்போது சுமார் 2,010. 3.55இல் 2,150, 3.73இல் 2,260, 4.10இல் 2,490. இந்த வேறுபாட்டைப் பயமுறுத்தும் அளவுக்குப் பெரிதென்று சொல்லமாட்டேன். மெதுவாக மிதிக்கும்போது பைபாஸ் வால்வு (காற்றை அழுத்தாமல் சுற்றிவிடும் வழி) திறந்திருப்பதால் சூப்பர்சார்ஜர் தின்னும் திறனும் குறைவுதான். ஆனால் எந்த ஆதாயமும் இல்லாமல் இந்தச் செலவை ஆண்டு முழுவதும் எதற்குச் செய்ய வேண்டும் என்பதே என் கேள்வி.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். 3.31இல் 45 மைலில் ஆறாம் கியர் போட்டால் சுற்று 1,200க்கு வந்துவிடும். அந்த நிலையில் மிதியை முழுவதும் அழுத்தாதீர்கள். கொயோட்டியின் அமுக்க விகிதம் 11.0:1, அதன் மேல் பூஸ்ட்டும் ஏறும்போது, குறைந்த சுற்றில் கடும் சுமை நாக்கிங்கை (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எஞ்சினைத் தாக்குவதை) அழைத்து வரும். நான்காம் கியருக்கு இறங்கிவிட்டு மிதியுங்கள்.

கால்மைல்

பல்சக்கரம் அவர்களின் கணக்கில் எனக்குச் சச்சரவு இல்லை, ஆனால் ஓட்டுபவரின் அனுபவம் கணக்குக்குள் முழுவதும் அடங்குவதில்லை. நான் வண்டி ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி டயர் வழுக்கும் எல்லையில் கழிவதில்லை. மூன்றாம், நான்காம் கியர்களில் 40 முதல் 80 மைல் வரையிலான பகுதியில்தான் கழிகிறது. அங்கே பிடிப்புப் பிரச்சினை இல்லை, அங்கே 12 சதவீதம் கூடுதல் இழுப்பு உண்மையான ஆதாயம்தான். 60 மைலில் மூன்றாம் கியருக்கு இறங்கினால் 3.31இல் சுற்று 4,180, 3.73இல் 4,710. என் வகை சூப்பர்சார்ஜரில் அது ஒரு பிஎஸ்ஐ கூடுதல் பூஸ்ட், அதற்கு மேல் கியர் பெருக்கமும் சேர்கிறது.

கேள்வி கேட்டவரின் டிவிஎஸ் வகைக்கு இந்த ஆதாயத்தில் பூஸ்ட் பகுதி கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கியர் பெருக்கம் கிடைக்கத்தான் செய்யும்.

பட்டறை

வணக்கம். பின் அச்சு வேலையைத் தொழிலாகச் செய்தவன் என்ற முறையில், மாற்றுவதா வேண்டாமா என்ற முடிவை உங்களுக்கே விட்டுவிட்டு, மாற்றினால் என்னவெல்லாம் உண்டு என்பதை மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் பலரும் கிரவுன்–பினியனின் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். செலவு உண்மையில் கூலியிலும், வேலையைச் சரியாகச் செய்யத் தெரிந்த ஆளைத் தேடுவதிலும் இருக்கிறது.

8.8 அங்குல அச்சில் கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று இணைத்துத் தீட்டப்பட்ட ஜோடி. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. பினியன் எவ்வளவு ஆழத்தில் அமர்கிறது என்பதை ஷிம் எனும் மெல்லிய தகடுகளால் சரிசெய்ய வேண்டும். பின்பு நசுங்கும் ஸ்லீவைப் புதிதாகப் போட்டு, பினியன் பேரிங்கின் முன்சுமையை அங்குல-பவுண்டு அளக்கும் ரென்ச்சால் சுழற்றிப் பார்த்துக் கொண்டுவர வேண்டும். அந்த ஸ்லீவை ஒருமுறை அதிகமாக நசுக்கிவிட்டால் தளர்த்தித் திரும்பப் பெற முடியாது, புதிதுதான் போட வேண்டும். அதற்குப் பிறகு பற்களின் இடைவெளி, 8.8இல் நான் 0.008க்கும் 0.012க்கும் இடையில் அங்குலக் கணக்கில் வைப்பது வழக்கம். கடைசியாகப் பற்களில் மஞ்சள் பசையைத் தடவிச் சுழற்றி, பற்கள் தொடும் தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தத் தடத்தைப் பார்க்காமல் மூடியை மூடும் பட்டறையில் வேலை கொடுக்காதீர்கள். தடம் ஓரத்துக்குப் போயிருந்தால் 50 மைல் வேகத்துக்கு மேல் ஊளைச் சத்தம் வரும். நீங்கள் அதைத் தினமும் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

டிராக்-லாக் வகை டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலாதபடி கிளட்ச் தகடுகளால் தடுப்பது) என்றால் ஆயிலோடு உராய்வுத் திருத்தியும் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் திருப்பங்களில் கிளட்ச் தகடுகள் நடுங்கும். அதே வேளையில், வண்டி நிறைய ஓடியிருந்தால் அந்தக் கிளட்ச் தகடுகளையும் திறந்தவேளையிலேயே பார்த்துவிடுங்கள். பூஸ்ட் ஏறிய எஞ்சினோடு தேய்ந்த தகடுகள் சேர்ந்தால், ஒற்றைச் சக்கரம் மட்டும் சுழலும். அப்புறம் எந்த விகிதம் போட்டும் பயனில்லை. 2005க்குப் பிந்தைய ஜிடிகளில் அச்சுத் தண்டுகள் 31 வரிப்பல் கொண்டவை. நீங்கள் சொல்லும் திறனுக்கு, ஒட்டும் டயர் போட்டுக் கிளட்ச்சைப் பட்டென்று விடாத வரை, அவை தாங்கும்.

புதுப் பற்களைப் பழக்கும் முறையும் முக்கியம். முதலில் பதினைந்து இருபது மைல் மென்மையாக ஓட்டி, அச்சு முழுவதும் ஆறும்வரை நிறுத்த வேண்டும். இதைச் சிலமுறை செய்தபின் ஐந்நூறு மைல் வரை முழு மிதி கூடாது. பின்பு ஆயிலை மாற்ற வேண்டும். தினமும் வேலைக்குப் போகும் வண்டியில் இந்த இடைவெளிகளைக் கடைப்பிடிப்பது எளிதல்ல என்பதால், வார இறுதியில் தொடங்கும்படி திட்டமிடுங்கள். எஞ்சின் கணினியில் புதிய விகிதத்தை எழுதுவதையும் உங்கள் டியூனரிடம் சொல்லிவிடுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று பற்களின் எண்ணிக்கை. 3.31 என்பது 43க்கு 13; 3.55 என்பது 39க்கு 11, 3.73 என்பது 41க்கு 11, 4.10 என்பது 41க்கு 10. கிரவுன் வீலின் விட்டம் மாறாதபோது, பினியன் பற்கள் குறையக் குறையப் பினியன் சிறுக்கிறது, ஒரே நேரத்தில் சுமையைத் தாங்கும் பல் பரப்பும் குறைகிறது. சூப்பர்சார்ஜர் உள்ள வண்டிக்கு 13 பல் பினியனை எடுத்துவிட்டு 10 பல் பினியனைப் போடுவது எனக்கு ஏற்பில்லாத யோசனை.

நோவைக்காரன்

மூவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. சில தொடர்க் கேள்விகள் உண்டு.

முதலாவது, அலுவலகத்தில் ஒருவர் நேர்மாறாகச் சொல்கிறார்: உயரமான பின் அச்சு எஞ்சினின் மேல் சுமையைக் கூட்டுவதால் பூஸ்ட்டும் கூடும், ஆகவே 3.31ஐவிடவும் உயரமானதுகூட நல்லது என்கிறார். இது சரியா? இரண்டாவது, என் பனிக்கால டயர்கள் 235/50 ஆர்18. இவற்றால் விகிதம் மாறுமா? மூன்றாவது, பின் அச்சை விட்டுவிட்டு அந்தப் பணத்தை டயரில் போட்டால் எந்த அளவு நல்லது?

பல்சக்கரம்

உங்கள் அலுவலக நண்பர் டர்போ வண்டிகளிலிருந்து பேசுகிறார் என்று நினைக்கிறேன். டர்போவை ஓட்டுவது புகைபோக்கி வாயு. எஞ்சினின் மேல் சுமை எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவுக்கு அது வேகம் பிடிக்கும். அதனால் டர்போ வண்டிக்கு உயரமான பின் அச்சு பொருந்தும் என்பது உண்மையே. சூப்பர்சார்ஜரை ஓட்டுவது கிராங்கின் பெல்ட்; மிதி முழுவதும் திறந்திருக்கும்போது பூஸ்டைத் தீர்மானிப்பவை சுற்றும் கப்பியின் விட்டமும்தான். எந்தக் கியரில் இருந்தாலும் 4,000 சுற்றில் 4,000 சுற்றின் பூஸ்ட்டே கிடைக்கும். உயரமான பின் அச்சு செய்வது ஒன்றுதான்: ஒவ்வொரு கியரிலும் பூஸ்டில் இருக்கும் நேரத்தை நீட்டும். நீண்ட நேரம் பூஸ்டில் இருப்பதால், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் தண்ணீர் சூடாவதும் கூடும் என்பதை மறக்க வேண்டாம். 3.31க்கு மேலே உயரமாகப் போக உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. இந்தப் பெட்டியின் ஆறாம் கியர் அதற்கு மேல் நகருக்குள் பயனற்றதாகிவிடும்.

இன்னொரு தவறான எண்ணமும் சுற்றிவருகிறது: குட்டையான பின் அச்சு போட்டால் கியர் மாற்றும்போது சுற்று குறைவாக விழும் என்பார்கள். அது கியர்பாக்ஸின் உள் விகிதங்களைப் பொறுத்தது, பின் அச்சைப் பொறுத்ததல்ல. 7,000இல் முதலிலிருந்து இரண்டுக்கு மாற்றினால் 3.31இலும் 4.10இலும் சுற்று ஏறத்தாழ 4,650க்கே விழும்.

பனிக்கால டயர்களின் விட்டம் 27.25 அங்குலம், கோடை டயர் 27.03. வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் கீழே, விளைவில் பின் அச்சு 3.28 ஆனது போல இருக்கும். கவலைப்பட ஒன்றுமில்லை. பனிக்காலத்தைப் பொறுத்தவரை உயரமான முதல் கியர் உங்களுக்கு நன்மையே செய்கிறது. குட்டையான பின் அச்சோடு, மிதியைத் தொட்டவுடன் பூஸ்ட் தரும் எஞ்சினைப் பனிமேல் நகர்த்துவது பொறுமையைச் சோதிக்கும்.

டயரைப் பற்றிய கேள்விதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 18 அங்குல, 9.5 அல்லது 10 அங்குல அகலச் சக்கரத்தில் 275/40 அளவில் நல்ல கோடை டயர் போட்டால், விட்டம் 26.7 அங்குலத்துக்கு இறங்குவதால் பின் அச்சும் தானாகவே 3.35 போல ஆகிவிடும். அதாவது பிடிப்பும் கூடும், துளி குட்டையும் ஆகும், கிரவுன்–பினியன் பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். முன்பக்கப் பிரேக் பெரிய வகையாக இருந்தால், 18 அங்குலச் சக்கரம் அதன் மேல் அமர்கிறதா என்பதை வாங்குவதற்கு முன் சரிபாருங்கள்.

பட்டறை

பல்சக்கரம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2012 வண்டி என்கிறீர்கள். அந்த ஆண்டுகளின் கொயோட்டியில் ஆயில் பம்ப்பின் உள்பற்கள் உலோகத்தூளை அழுத்திச் செய்தவை. பூஸ்ட் ஏற்றியபின், டயர் வழுக்கி எஞ்சின் சுற்று வரம்பில் போய் மோதி மோதித் திரும்பும்போது அந்தப் பற்கள் உடைவது தெரிந்த பிரச்சினை. உடைந்தால் ஆயில் அழுத்தம் போய் எஞ்சினே போய்விடும். முதல் கியர் குட்டையாகக் குட்டையாக இந்த மோதல் நேரும் வாய்ப்பும் கூடுகிறது, ஏனென்றால் 4.10இல் முதல் கியர் 37 மைலிலேயே 7,000ஐத் தொட்டுவிடும், 3.31இல் 46 வரை இடமுண்டு. சூப்பர்சார்ஜர் பொருத்தியபோது அந்தப் பம்ப் பற்களை எஃகு வகைக்கு மாற்றினார்களா என்று கேட்டுப் பாருங்கள். மாற்றவில்லையென்றால் பின் அச்சுக்கு ஒதுக்கிய பணத்தை அங்கே செலவிடுங்கள், கிராங்கின் முனைப் பல்லையும் அதோடு சேர்த்தே.

தண்டைப் பற்றியும் ஒரு சொல். இந்த மஸ்டாங்கின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் தண்டு) இரண்டு துண்டாக வருவது. 75 மைலில் அது 3.31இல் நிமிடத்துக்கு 3,090 முறை சுற்றுகிறது, 4.10இல் 3,830 முறை. சாலை வேகத்தில் இது பிரச்சினையில்லை. ஆனால் 140 மைலில் 4.10 அதை 7,100க்குக் கொண்டுபோகும், அங்கே அதிர்வு தொடங்கினால் சிறிய பழுதோடு நிற்காது.

நோவைக்காரன்

பம்ப் பற்களைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி ஐயா. பொருத்தியவரிடம் இன்று கேட்டேன், மாற்றவில்லை என்றார். ஆகவே அந்த வேலையை முதலில் செய்துவிட்டு, வசந்தத்தில் 18 அங்குலச் சக்கரங்களும் 275 டயர்களும் வாங்க முடிவு செய்திருக்கிறேன். 3.31 அப்படியே இருக்கட்டும். எப்போதாவது டிஃபரன்ஷியலின் கிளட்ச் தகடுகளுக்காகப் பின் அச்சைத் திறக்க வேண்டி வந்தால், அப்போது 3.55 போடுவது வீணா?

கால்மைல்

வீண் இல்லை. திறந்துதான் ஆக வேண்டும் என்ற நிலையில் கூலியின் பெரும்பகுதி எப்படியும் போகப்போகிறது, 3.55 அப்போது நியாயமான தேர்வு. இரண்டாம் கியர் 65 மைல் வரை நிற்கும், 75 மைலில் சுற்று 140 மட்டுமே கூடும். 3.73 உங்களுக்கு வேண்டாம் என்பதை இந்த உரையாடலுக்குப் பிறகு ஏற்கிறேன், என் வண்டியில் அதை மாற்றப்போவதில்லை என்றாலும்.

பல்சக்கரம்

3.55க்கு எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அதற்காகவே பின் அச்சைத் திறக்காதீர்கள். 275 டயர்களோடு 3.55 போட்டால் விளைவில் 3.6 ஆகும், நான்காம் கியர் 7,000இல் 118 மைலில் முடியும் என்பதால், கால் மைலின் கடைசியில் ஐந்தாம் கியருக்குப் போக வேண்டி வருமா என்பதை உங்கள் வண்டி இப்போது கோட்டைக் கடக்கும் வேகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 116க்குக் கீழே என்றால் 3.55 சரி, அதற்கு மேலே என்றால் 3.31ஐத் தொடாதீர்கள்.